கடைசித் தண்ணீரில் சேர்க்க வேண்டியது

ஜூன் 9, திங்கள்

வெயில். காலை எட்டு மணிக்கே மாடிப்படிக் கம்பியில் கை வைக்க முடியவில்லை. வாங்கியது: தண்ணீர் கேன், எலுமிச்சம்பழம், ரசத்துக்குப் புளி. துணி காயப்போடக் கயிறு வாங்க மறந்துவிட்டேன்.

வேலூரில் இந்தத் தெரு முழுக்க நோயாளிகளுக்கான லாட்ஜ்கள். கடைப் பலகைகள் வங்காளத்தில், இந்தியில். தமிழைத் தேட வேண்டியிருக்கிறது. பக்கத்து அறையில் வங்காளத் தம்பதி. விடிந்ததும் மீன் வறுக்கிறார்கள். தனத்துக்கு அந்த வாடை பட்டால் குமட்டல். கதவைச் சாத்தினால் புழுக்கம். மேனேஜரிடம் சொன்னேன். "அந்தம்மாவுக்கும் உங்க ஊட்டுக்காரம்மா மாரிதான் பெரியவரே. மீனு ஒண்ணுதான் வாய்க்குப் புடிக்குதாம். இன்னா பண்ணச் சொல்றீங்க?" என்றான். மாடி ஏறி வந்துவிட்டேன்.

தனத்துக்குக் கர்ப்பப்பை வாயில் புற்று. திங்கள் முதல் வெள்ளி வரை கதிர் சிகிச்சை, வியாழன்தோறும் ஊசி. இது மூன்றாவது வாரம். சனி ஞாயிறு மட்டும் ஆம்பூர் வீடு.

ஊசி மருந்தின் பெயரை முதல் வாரமே கேட்டு எழுதிக்கொண்டு மொபைலில் பார்த்தேன். பிளாட்டினம். உலோக உப்பு. தோல் பதனிடப் போடுகிற குரோமும் உலோக உப்புதான். ஆயுள் முழுதும் தோல் தொழிற்சாலை டிரம்மோடு இருந்தவன் நான். எனக்குத் தெரியாததா.

குரோமில் நல்லதும் உண்டு, விஷமும் உண்டு. பதனிட்ட தோலில் நல்ல குரோம் கெட்டு விஷமாக மாறும். வெளிநாட்டுக்காரன் சோதித்துப் பார்த்துச் சரக்கைத் திருப்பி அனுப்புவான். அதற்கு மருந்து வைட்டமின் சி. மனிதர் சாப்பிடுகிற அதே சி. டிரம்மில் போட்டுச் சுற்றினால் விஷம் அடங்கும். கெமிக்கல் கம்பெனிக்காரன் கொடுத்த துண்டுப் பிரசுரத்தை அகராதி வைத்துப் படித்து எங்கள் தொழிற்சாலையில் முதலில் போட்டது நான். சரக்கு பாஸ் ஆனது. பெயர் வாங்கியது டிகிரி டெக்னீஷியன். நான் கடைசி வரை மேஸ்திரி.

அதனால்தான் தனத்துக்கும் கொடுக்கிறேன். மருந்துக்கடை மாத்திரை எந்த மூலைக்கு? ஆம்பூரில் அன்வர் பாயின் கெமிக்கல் கடையிலிருந்து தூளாகவே வாங்கினேன். சாப்பிடும் தரம். லேபிளைப் பார்த்துத்தான் வாங்கினேன். மூன்று வேளையும் ஒரு ஸ்பூன், எலுமிச்சைச் சாற்றில் உப்பு போட்டு. கூடவே பச்சை நிற வைட்டமின் இ மாத்திரை. பிளாட்டினத்தின் விஷம் அடங்கட்டும். மருந்து தன் வேலையைப் பார்க்கட்டும்.

தனம் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். "பல்லு கூசுதுங்க." "குடி." குடித்தாள்.

ஜூன் 12, வியாழன்

ஊசி போடவில்லை.

காலையில் ரத்தம் எடுத்தார்கள். வெயிலில் நின்று டோக்கன். பதினொரு மணிக்கு உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரம்மா சின்னப் பெண். என் பேத்தி வயது இருக்கும். கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா, இவங்க கிரியாட்டினின் ஏறியிருக்கு. போன வாரம் பாயின்ட் ஒன்பது. இன்னைக்கு ஒன்று புள்ளி ஏழு. கிட்னி கஷ்டப்படுது. இந்த நெலமைல இந்த ஊசியப் போட முடியாது. கதிர் மட்டும் போகட்டும்."

கிரியாட்டினின் (இனி கி.) என்றால் என்ன என்று எனக்கும் தெரியும். அதைச் சொன்னேன். தலையாட்டினாள். பிறகு கேட்டாள்:

"வேற ஏதாவது சாப்பிடுறாங்களா? நாட்டு மருந்து, பவுடர், சத்து மாத்திரை? எதுவா இருந்தாலும் சொல்லுங்க. தப்பில்ல."

தப்பில்லையாம். எனக்கு இவள் மன்னிப்புக் கொடுக்கிறாள்.

"ஒண்ணும் இல்ல" என்றேன்.

தனத்திடம் திரும்பினாள். "அம்மா?"

தனம் என்னைப் பார்த்தாள். அரை நொடி. "இல்லம்மா. சோறு எறங்கினாத்தானே மத்ததெல்லாம்" என்றாள்.

வெளியே வந்து ஒரு இளநீர் வாங்கிக் கொடுத்தேன். பாதியை அவள் குடித்தாள். மீதியை நான். கதிர் அறைக்கு வெளியே ஒருவர் போனில்: "மாட்ட வித்துடு. எரும இருக்கட்டும். எருமய விக்காத."

இரவு வழக்கம்போல் தூள்.

ஜூன் 14, சனி. ஆம்பூர்

காலை பஸ். தனம் ஜன்னலோரம். பள்ளிகொண்டா வருவதற்குள் இரண்டு முறை வாந்தி. கண்டக்டர் நல்லவன், வண்டியை ஓரம் கட்டச் சொன்னான்.

வீடு பூட்டியே கிடந்த வாடை. மருமகள் இட்லி கொண்டு வந்தாள். தனம் ஒன்று. நான் நான்கு.

மாலை அன்வர் பாய் கடை. டீ சொன்னார். எங்கள் தொழிற்சாலைக்கு ஆசிட், உப்பு, சாயம் எல்லாம் அவர் கடையிலிருந்துதான் வரும். அந்தப் பழக்கம்.

"அக்கா எப்டி இருக்காங்க?"

"ஊசி போடல. கிட்னிங்கறாங்க."

டீ கிளாஸைக் கீழே வைத்தார். "மேஸ்திரி, தூள் குடுக்கறது டாக்டருக்குத் தெரியுமா?"

"எதுக்குத் தெரியணும்? அதுல அவங்களுக்கு இன்னா தெரியும்?"

"யோவ், நான் ஆசிட் விக்கறவன். மருந்து விக்கறவன் இல்ல. நீ கேட்ட, குடுத்தேன். டிரம்முக்குன்னு நெனச்சுக்கினேன்."

"எனக்கு ஏது பாய் டிரம்மு? ரிடையர் ஆயி எத்தினி வருஷம்."

"அது நீ போனப்புறம்தான் தோணுச்சு. அன்னிலேர்ந்து பேஜாரா இருக்கு எனக்கு. சொல்லிடுய்யா. சொன்னா இன்னா, கழுத்தயா வெட்டிடுவாங்க?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஒருவன் பைக்கில் வந்து இறங்கினான். பேரணாம்பட்டு பக்கம் ஏதோ தொழிற்சாலையில் சூப்பர்வைசராம். கையில் குரோம் ஏற்றி நீலமான தோல் துண்டு. சுருண்டிருந்தது.

"கொதி தண்ணில போட்டா அப்பளமாட்டம் சுருண்டுக்குது பாய். மூணு டிரம்மு சரக்கு. குரோம் ஜாஸ்திதான் போட்டேன். ஏறவே மாட்டேங்குது."

துண்டை வாங்கிப் பார்த்தேன். பார்த்தாலே தெரிந்தது. "குரோம் ஓடும்போது இன்னா ஆசிட் போட்ட?"

சொன்னான்.

"அதான். ஜாஸ்தி. அது குரோமப் புடிச்சு வெச்சுக்கும், தோல்ல எறங்க வுடாது. மொதல்ல குரோம் எறங்கி ஒட்டட்டும். மத்தது எல்லாம் கடைசித் தண்ணில."

"கரெக்டுண்ணா" என்றான். என் வாய் திறந்தபடி நின்றது.

வைட்டமின் சியும் ஓர் ஆசிட். அதை டிரம்மில் நான் எப்போது போட்டேன்? குரோம் ஏறி முடிந்த பிறகு. கடைசித் தண்ணீரில். ஒரு நாளும் குரோம் வேலை செய்துகொண்டிருக்கும்போது போட்டதில்லை. போட்டவனைத் திட்டியிருக்கிறேன். தனத்துக்கு மட்டும் முதல் ஊசியிலிருந்தே.

உடம்பு டிரம் அல்ல. பிளாட்டினம் குரோம் அல்ல. அது இப்போது தெரிகிறது. ஆனால் என் கணக்குப்படியே பார்த்தாலும் நான் செய்தது தப்பு. என் தொழிலிலேயே தப்பு.

அன்வர் பாய் என் முகத்தைப் பார்த்தார். டீ ஆறிவிட்டது.

ஜூன் 16, திங்கள். வேலூர்

கயிறு வாங்கியாகிவிட்டது. காற்று இல்லை. துணி காய்வதற்குள் தூசி.

தனத்திடம் சொன்னேன், இனித் தூள் வேண்டாம், பச்சை மாத்திரையும் வேண்டாம் என்று.

"ஏங்க?"

"உடம்புல போதுமான அளவு ஏறிடுச்சு."

"சரி."

பொய். அவளிடம் இப்படி ஒரு பொய் சொல்லி எத்தனை காலம் ஆயிற்று என்று தெரியவில்லை. தப்பாகப் போய்விட்டது என்று சொல்ல நாக்கு எழவில்லை. நிறுத்தினால் போதும், கி. இறங்கும், வியாழன் ஊசி போடுவார்கள், யாருக்கும் எதுவும் சொல்லத் தேவையில்லை. இதுதான் யோசனை.

டப்பாவை எறிய மனம் வரவில்லை. நல்ல சரக்கு. பையின் அடியில் வைத்தேன்.

கதிர் அறையில் இன்று சீக்கிரம் முடிந்தது. தோல் கறுத்திருக்கிறது என்று நர்ஸ் சொன்னாள். வயிற்றைத் தொட விடமாட்டேன் என்கிறாள் தனம். எரிச்சலாம்.

ஜூன் 19, வியாழன்

கி. ஒன்று புள்ளி ஆறு. ஊசி இன்றும் இல்லை.

டாக்டரம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். தண்ணீர் ஏற்றச் சொன்னாள். "இவ்வளவு மெதுவா எறங்கக் கூடாதே" என்று தனக்குத்தானே. மறுபடியும் அதே கேள்வி. மறுபடியும் நான் வாயைத் திறக்கவில்லை. நிறுத்தித்தான் ஆயிற்றே. சொல்லி என்ன? சொன்னால் போன வாரம் ஏன் பொய் சொன்னாய் என்பாள். ஒரு சின்னப் பெண் என்னைக் கேட்பாள்.

சாலைன் ஏற நாலு மணி நேரம். கட்டிலுக்கு ஓரமாக ஸ்டூல் கிடையாது. நின்றேன்.

மாலை அறையில் அவள் படுத்திருந்தாள். தண்ணீர் குடிக்கக் கிளாஸை எடுத்தேன். அடியில் வெள்ளையாகக் கரையாத மிச்சம். விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். புளிப்பு. எலுமிச்சைப் புளிப்பு இல்லை.

பையைத் திறந்தேன். டப்பாவில் தூள், நான் வைத்ததைவிட இறங்கி, பாதிக்குக் கீழே.

"தனம், இது இன்னா?"

கண்ணைத் திறக்கவில்லை. "இன்னாது?"

"தூளு. நிறுத்தச் சொன்னேனே."

எழுந்து உட்கார்ந்தாள். மெதுவாக. "நீங்க அந்தம்மாவுக்குப் பயந்துக்கினு நிறுத்திட்டீங்க. எனக்குத் தெரியும். கிட்னி ஏறிடுச்சுன்னு அவங்க சொன்ன நாலு நாள்லயே நிறுத்தினீங்க. நீங்க சொன்னதுதான் சரி, அவங்க பேச்சக் கேட்டு ஏன் உடம்பக் கெடுத்துக்கணும்னு நானே குடிச்சேன். விஷம் ஏறியிருக்குன்னா ரெண்டு ஸ்பூனா குடிச்சா சீக்கிரம் எறங்குமில்ல?"

ரெண்டு ஸ்பூன்.

"தப்பு தனம். நான் சொன்னது தப்பு."

"நீங்க தப்பா சொல்ல மாட்டீங்க."

"சொல்லிட்டேன்."

"முட்டிக்கு ஆபரேஷன்னு சொன்னாங்க. நீங்க வேணாம்னீங்க. எண்ணெ போட்டு, பயிற்சி சொல்லிக் குடுத்தீங்க. நான் நடக்கலயா? மலையே ஏறி வந்தேனே."

நடக்கிறாள். அது உண்மை. டாக்டர்கள் சொல்வதை நம்பாதே, படித்தவன் எல்லாம் தெரிந்தவன் இல்லை, நான் படித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லிச் சொல்லி அவள் மண்டையில் ஏற்றியது நான். இப்போது நான் வேண்டாம் என்றால் அதை இறக்க முடியவில்லை. நான் பயந்துவிட்டேன் என்று நினைக்கிறாள். எனக்காகப் பரிதாபப்படுகிறாள்.

டப்பாவைக் கழிவறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். வாசலில் நின்று பார்த்தாள். "நல்ல சரக்கு" என்றாள்.

ஜூன் 20, வெள்ளி

காலை கதிர் முடிந்ததும் டாக்டரம்மாவைப் பார்க்க வேண்டும் என்று கவுன்டரில் கேட்டேன். இன்று உங்கள் நாள் இல்லை என்றார்கள். நின்றேன். ஒரு மணிக்கு அவளே டீ குடிக்க வெளியே வந்தாள். "என்னங்கய்யா?"

எங்கள் இருவரையும் உள்ளே கூட்டிப் போனாள்.

சொல்ல ஆரம்பிப்பதற்குள் தனம் முந்திக்கொண்டாள். "அம்மா, நானாத்தான் ஒரு சத்துத் தூள் வாங்கிச் சாப்ட்டேன். அவருக்குத் தெரியாது."

எனக்காக. மறுபடியும்.

"இல்ல" என்றேன். "நான்தான் குடுத்தேன். மொதல் ஊசிலேர்ந்து. நீங்க ரெண்டு வாட்டி கேட்டீங்க. ரெண்டு வாட்டியும் மறச்சேன்."

எவ்வளவு என்று கேட்டாள். சொன்னேன். ஸ்பூனுக்கு எத்தனை கிராம் என்று சொன்னேன். பச்சை மாத்திரையையும். எங்கே வாங்கினேன் என்று கேட்டபோது தோல் கெமிக்கல் கடை என்றேன். தலை நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"ஐயா, இவ்வளவு வைட்டமின் சி போனா அதுவே கிட்னில உப்பாப் படியலாம். இந்த ஊசியும் கிட்னியக் கஷ்டப்படுத்தும். ரெண்டும் சேர்ந்தது. அது ஒண்ணு."

"இன்னொண்ணு?"

"கதிரும் ஊசியும் அந்தக் கட்டிக்குள்ள ஒரு மாதிரி தீ மூட்டித்தான் அழிக்குது. இந்த மாதிரி வைட்டமின் அதிகமா எடுத்தா அந்தத் தீய அணைக்கலாம். நல்ல செல்லுக்கும் பாதுகாப்பு, கட்டிக்கும் பாதுகாப்பு. அதனாலதான் வேணாம்னு சொல்றோம்."

"அணைச்சிருச்சா?"

"தெரியாது."

"எப்ப தெரியும்?"

"இதனாலதான்னு என்னைக்கும் சொல்ல முடியாதுங்கய்யா. கட்டி நல்லா சுருங்கலாம். சுருங்காமலும் போகலாம். எதனாலன்னு பிரிச்சுப் பாக்க முடியாது."

தோலென்றால் ஒரு துண்டு வெட்டிக் கொதி தண்ணீரில் போடலாம். சுருண்டதா, இல்லையா. உடனே தெரியும். இதற்கு அப்படி ஒன்று இல்லை. நான் சாகும்வரை தெரியாது. திட்டியிருந்தால் பரவாயில்லை.

"போடாம போன ரெண்டு ஊசி?" என்றேன்.

"போனது போனதுதான். அடுத்த வியாழன்தான் கடைசி. அதுக்குள்ள கிட்னி தேறினா அது ஒண்ணாவது போடலாம். நெறைய தண்ணி குடிக்க வைங்க. வேற எதையும் குடுக்காதீங்க. சந்தேகம்னா என்னைக் கேளுங்க." போன் நம்பரை எழுதிக் கொடுத்தாள். என் கையில் இல்லை. தனத்தின் கையில்.

வெளியே ஷேர் ஆட்டோவுக்கு நின்றோம். தனம் என்னை விட்டுத் தள்ளி நின்றாள். இரண்டு ஆட்டோவை விட்டுவிட்டாள். சின்னப் பெண் முன்னால் நான் தலை குனிந்ததில் கோபம் என்று நினைத்தேன்.

"அவங்களுக்குச் சொன்னா சொல்லிட்டுப் போங்க. எனக்கு ஏன் மொதல்ல சொல்லல?"

"சொன்னேனே, நேத்து."

"நேத்து. ஆம்பூர்லயே தெரிஞ்சுக்கினீங்க. மொகத்தப் பாத்தேனே, அன்னைக்கி ராத்திரி. திங்கக்கெழம வந்து போதுமான அளவு ஏறிடுச்சுன்னீங்க." நிறுத்தினாள். மூச்சு வாங்கியது. "இன்னாங்க, என் உடம்பு உங்களுக்கு டிரம்மா? நீங்க போடுவீங்க, நீங்க நிறுத்துவீங்க. டிரம்முக்கு எதுக்குச் சொல்லணும்னா?"

ஆட்டோ வந்தது. முன்னால் டிரைவர் பக்கத்தில் எனக்கு இடம். அவள் பின்னால்.

ஜூன் 22, ஞாயிறு

ஊருக்குப் போகவில்லை. அலைச்சல் வேண்டாம் என்று. லேசான தூறல், நனையக்கூட இல்லை.

தனம் தண்ணீர் குடிக்கிறாள். நான் கொடுத்தால் குடிப்பதில்லை. நான் பால்கனிக்குப் போனதும் தானே ஊற்றிக் குடிக்கிறாள். கிளாஸ் காலியாவதைப் பார்த்துக்கொள்கிறேன். அது போதும்.

மகன் போன் செய்தான். "அம்மா கொரலே கேக்கலயே, ஏன்பா?" "களைப்பு" என்றேன். தொலைபேசியை அவளிடம் கொடுத்ததும் அவனிடம் எல்லாம் பேசினாள். மழை, எலி, வாசல் பல்பு. என் விஷயம் இல்லை. மகனிடம் கூடச் சொல்லவில்லை.

மதியம் வங்காளத்து அம்மா ஒரு தட்டில் மீன் கொண்டு வந்தாள். தலையில் முடி இல்லை, முக்காடு. தனத்துக்கு வாடை ஆகாது என்று சொல்ல எழுந்தேன். தனம் தட்டை வாங்கி ஒரு துண்டு பிட்டு வாயில் வைத்தாள். முகம் சுளித்தாள். அந்தம்மா சிரித்தாள், இவளும் சிரித்தாள். ஒருத்தி பேசுவது ஒருத்திக்குப் புரியாது. கட்டிலில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினார்கள். வயிற்றைக் காட்டி, கையைக் காட்டி. அந்தம்மா தன் வயிற்றில் கறுத்த இடத்தைக் காட்டினாள். தனமும் காட்டினாள். எனக்குக் காட்டாததை.

நான் வெளியே போய் நின்றேன்.

முதல் வாரமே டாக்டரம்மா கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா? அப்போதும் சொல்லியிருக்க மாட்டேன். டிகிரி டெக்னீஷியன் மேல் இருந்த கோபம் இன்னும் போகவில்லை. அவன் எங்கேயோ ராணிப்பேட்டையில் நன்றாக இருக்கிறான். அவனுக்குப் பதில் சொல்ல நினைத்து இவளுக்குத் தூள் கரைத்திருக்கிறேன்.

ஜூன் 26, வியாழன்

மேகம். புழுக்கம். காலை ஆறரைக்கே ரத்தம் கொடுத்துவிட்டு வரிசை.

டோக்கன் கூப்பிட்டார்கள். எழுந்தேன்.

"நீங்க இங்கயே இருங்க" என்றாள் தனம். ஃபைலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். கதவைச் சாத்தினாள்.

எப்போதும் நான்தான் பேசுவேன். எங்கே வலிக்கிறது என்று அவளைக் கேட்டாலும் நான்தான் சொல்வேன். தூக்கம் வந்ததா, மலம் போனதா, எல்லாம் நான்.

உள்ளே அவள் குரல். சொற்கள் பிரியவில்லை. நிறையப் பேசுகிறாள். டாக்டரம்மா இடையில் ஏதோ கேட்கிறாள். இவள் பேசிக்கொண்டே போகிறாள். இவ்வளவு இருந்ததா இவளிடம் சொல்ல.

பக்கத்து நாற்காலிக்காரர் காவேரிப்பாக்கம். "உள்ள யாரு, சம்சாரமா? தனியாவா அனுப்பிச்சீங்க?"

"அவங்களே போய்ட்டாங்க."

"நம்மள்து அப்டி இல்ல. நான் இல்லாம வாயே தொறக்காது." பெருமையாகச் சொன்னார். நானும் போன மாதம் யாரிடமோ இதையேதான் சொல்லியிருப்பேன்.

கதவு திறந்தது. வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"கி. எவ்ளோ?"

"எறங்கியிருக்காம்."

"எவ்ளோன்னு கேட்டேன்."

"சொன்னாங்க. எனக்குத் தெரியும்." ரிசல்ட் சீட்டை நான்காக மடித்துத் தன் பர்ஸில் வைத்தாள். "இன்னைக்கி ஊசி உண்டாம். வாங்க, எடம் போய்டும்."

ஊசி அறை. ஜன்னலோரக் கட்டில். சொட்டுச் சொட்டாக ஏறிக்கொண்டிருக்கிறது. கண்ணை மூடியிருக்கிறாள். எவ்வளவு என்று இன்னும் சொல்லவில்லை. நான் மறுபடி கேட்கவும் இல்லை.